முன் வலது டயர்

ஆகஸ்ட் 2, 2023, புதன்

கார் இன்று ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்தது. முகப்பு புதிது, கண்ணாடி புதிது, டயர் நான்கும் புதிது. ஷெட்டில் நிறுத்திவிட்டுப் போனார்கள். ஒரு கீறல் இல்லை. பார்க்கிறவர்கள் ஷோரூம் வண்டி என்பார்கள்.

இந்த நோட்டு என் கணவர் செல்வினுடையது. மின்வாரியத்தில் முப்பத்திரண்டு வருடம் மீட்டர் பார்த்தவர். ஓய்வுக்குப் பிறகு பார்க்க மீட்டர் இல்லாமல் டயரில் காற்றைப் பார்க்க ஆரம்பித்தார். ஞாயிறு காலை, வண்டியை எடுக்குமுன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டுமாம். ஓடிய பிறகு பார்த்தால் சூட்டில் காற்று கூடுதலாகக் காட்டுமாம். ஆராதனைக்கு மணி அடித்தாலும் மனிதர் சக்கரத்தின் பக்கத்தில்தான் குந்தியிருப்பார். தேதி போட்டு நான்கு எண்கள் எழுதுவார். கடைசி வரி ஜூன் 11. அதற்கப்புறம் நூற்றுச் சொச்சம் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. வெறும் பக்கத்தை வீணாக்க எனக்கு மனம் வராது. எனவே இனி நான் எழுதுகிறேன்.

நான்கிலும் காற்று 33.

ஜூன் 12 அன்று நாங்குநேரி தாண்டி, நாகர்கோவில் சாலையில், பகல் பதினொன்றரைக்கு முன் வலது டயர் வெடித்தது. வண்டி நடுவிலிருந்த கான்கிரீட் கட்டையில் போய் மோதியது. அவர் உட்கார்ந்திருந்த பக்கம். எனக்கு மணிக்கட்டில் ஒரு சிராய்ப்பு. அதைப் பற்றி இவ்வளவு போதும்.

ஆகஸ்ட் 3, வியாழன்

காரோடு வந்த கையேட்டை வைத்துக்கொண்டு டயரின் பக்கவாட்டில் எழுதியிருப்பதைப் படித்தேன். இத்தனை வருடம் ஏறி இறங்கிய வண்டி, ஒருநாளும் படித்ததில்லை. 175/65 R14 82T. 175 என்பது அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது அந்த அகலத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கு உயரம் என்பது. 14 ரிம்மின் அளவு, அங்குலத்தில். 82 என்பது சுமைக்கான குறி, அட்டவணையில் பார்த்தால் ஒரு டயருக்கு 475 கிலோ. T என்றால் மணிக்கு 190 கிலோமீட்டர் வரை தாங்கும். முப்பத்தைந்து வருடம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு இதெல்லாம் பிடித்துத்தான் இருக்கிறது. எண் என்றால் அது சொல்வதை மட்டும்தான் சொல்லும்.

தனியாக ஒரு சிறு கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கிறது. 1823. இரண்டாயிரத்து இருபத்து மூன்றாம் வருடத்தின் பதினெட்டாவது வாரத்தில் செய்த டயர். அதாவது மே முதல் வாரம். அந்த வாரம் அவர் உயிரோடு இருந்தார். மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

முன் வலது 30. மற்றவை 33. அவருடைய மின்பம்பைக் காரிலேயே செருகிக் காற்று நிரப்பினேன்.

ஆகஸ்ட் 5, சனி

முன் வலது 29. புது டயரில் எப்படி இறங்கும்? சோப்புத் தண்ணீர் கலந்து பட்டன் முழுக்கத் தடவினேன். பட்டன் என்பது தரையில் படுகிற மேடுகளுக்குப் பஞ்சர் கடைக்காரர்கள் சொல்வது. ரிம் ஓரத்தில் தடவினேன். வால்வு மூடியைக் கழற்றி அதன் வாயில் எச்சில் தொட்டு வைத்தேன். எங்கும் ஒரு குமிழி வரவில்லை.

வண்டி நிற்கிற நிலையைப் பார்த்தால் அந்த மூலை மட்டும் லேசாகத் தாழ்ந்திருக்கிறது. ஸ்டியரிங் முன்னால் ஓர் ஆள் உட்கார்ந்தால் இப்படித்தான் தாழும்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

ஆராதனை முடிந்து வந்து, சாப்பிட்டு, ஒரு மணி நேரம் படுத்து எழுந்தேன். மூன்று மணிக்கு ஷெட்டில் துணி எடுக்கப் போனபோது முன் வலது டயரில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. குனிந்து பார்த்தால், அந்த 1823ஐச் சுற்றி யாரோ சாக்பீஸால் வட்டம் போட்டிருக்கிறார்கள். நல்ல வட்டம். காம்பஸ் இல்லாமல் போட்டது.

கேட் பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் வயதான தம்பதி இரண்டு பேர்தான், அவர்களுக்குக் கேட்டைத் தாண்டும் வயதில்லை. ஒர்க்‌ஷாப்காரர்கள் போட்டிருப்பார்கள், நான் கவனித்திருக்க மாட்டேன். ஈரத்துணியால் துடைத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 7, திங்கள்

முன் வலது 30. நிரப்பினேன்.

ஆகஸ்ட் 9, புதன்

மத்தியானத் தூக்கத்துக்கு அப்புறம் மறுபடியும். இந்த முறை வட்டம் மட்டுமில்லை. 1823க்கு மேலே 2312 என்று எழுதியிருந்தது. அந்த டயரில் எந்த இடத்திலும் அச்சில் அப்படி ஒரு எண் கிடையாது. நான் டார்ச் அடித்து ஒரு சுற்று பார்த்துவிட்டேன்.

பகல் மூன்று மணி, நல்ல வெயில். தெருவில் மீன்காரர் கத்திக்கொண்டு போகிறார். இந்த நேரத்தில் பயப்படுவது அசிங்கம். ஆனாலும் பயந்தேன். துடைக்க இரண்டு துணி ஆயிற்று.

ஆகஸ்ட் 12, சனி

மகன் ரூபன் சென்னையிலிருந்து வந்தான். கேஸ் விஷயமாக எஸ்.ஐ. இந்த மாதம் முப்பதாம் தேதி வீட்டுக்கு வந்து என்னிடம் விரிவாக வாக்குமூலம் வாங்குவாராம்.

கேஸ் முப்பிடாதி மீது. முப்பிடாதி பஸ் ஸ்டாண்ட் பக்கம் பஞ்சர் கடை வைத்திருப்பவன். பத்துப் பன்னிரண்டு வருடமாக எங்கள் வண்டிக்கு அவன்தான் காற்று, பஞ்சர், எல்லாம். வெடித்த டயர் 2012இல் செய்தது என்று இன்சூரன்ஸ் ஆள் ரூபனுக்குக் காட்டிக்கொடுத்தார். நல்ல டயரைக் கழற்றி வைத்துக்கொண்டு பழைய டயரை ஏமாற்றி மாட்டிவிட்டான் என்று ரூபன் புகார் எழுதினான். அடக்கத்துக்கு மறுநாள் எழுதியது. நான் அதில் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டேன். அன்று கண்ணாடி கையில் இல்லை, படிக்கவில்லை.

முப்பிடாதி பன்னிரண்டு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருக்கிறான். தினமும் பத்து மணிக்கு ஸ்டேஷனில் போய்க் கையெழுத்துப் போடுகிறான். கடை இடத்தின் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டாராம்.

"ம்மா, நீங்க புதுசா ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் எழுதுனதத்தான் கேப்பாங்க. ஆமான்னு சொல்லுங்க, போதும். நீங்கதான் கண்ணால பாத்த சாட்சி. நீங்க சொல்லிட்டா அவன் தப்பிக்க முடியாது."

"நீ அந்தக் கடைக்குப் போயி அவன்ட்ட கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? அப்பாவுக்கு டயரப் பத்தி தெரியாததா? தெரிஞ்சே பதினோரு வருசத்து டயரப் போட விட்டுருப்பாங்களா? நீங்களே சொல்லுங்க."

நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அன்று புளி அதிகமாகிவிட்டது.

ஆகஸ்ட் 13, ஞாயிறு

ரூபன் காரைக் கழுவினான். டயரில் ஒன்றுமில்லை. அவன் இருந்த இரண்டு நாளும் காற்று இறங்கவும் இல்லை.

கிளம்பும்போது என் கட்டிலைப் பார்த்துவிட்டு, "தலகாணில என்னம்மா வெள்ளையா?" என்றான். பவுடர் என்றேன். எனக்குப் பவுடர் போடும் பழக்கம் கிடையாது, அது அவனுக்கும் தெரியும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் கிளம்பிவிட்டான்.

ஆகஸ்ட் 16, புதன்

பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த சாக்பீஸ் டப்பா ஒன்று மேசை இழுப்பறையில் இருந்தது. பாதிதான் இருந்தது. நான் முழு டப்பாவாக வைத்ததாக ஞாபகம். குப்பை வண்டி வந்தபோது டப்பாவோடு போட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

2312.

நகக்கண்ணில் வெள்ளை. இடியாப்பத்துக்கு மாவு பிசைந்ததாக இருக்கும். காலையில் ரொட்டி, மதியம் மீன்குழம்பு.

ஆகஸ்ட் 19, சனி

மத்தியானம் படுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து டயர் பராமரிப்பு பற்றிக் கையேட்டில் படித்தேன். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை முன் டயரைப் பின்னுக்கும் பின் டயரை முன்னுக்கும் மாற்ற வேண்டும், தேய்மானம் சமமாகும். ஒரே ஓரம் தேய்ந்தால் அலைன்மெண்ட் பார்க்க வேண்டும். ஸ்டியரிங் உதறினால் பேலன்சிங். காற்று குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும், கூடினால் நடு தேயும். பட்டன்களுக்கு நடுவே பள்ளத்தில் சின்ன ரப்பர் திட்டு இருக்கிறது. பட்டன் தேய்ந்து அந்தத் திட்டு மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது என்று அர்த்தம்.

அடுத்த பத்தியைப் படிக்காமல் மூடினேன். என்ன இருக்கும் என்று தெரியும்.

கண் விழித்தபோது மணி மூன்றரை. நாற்காலியிலேயே தூங்கியிருக்கிறேன். காலில் செருப்பு இருந்தது. வீட்டுக்குள் நான் செருப்புப் போட்டதே கிடையாது.

ஆகஸ்ட் 21, திங்கள்

பதினோரு மணிக்குக் கேட் அருகே ஆட்டோ நின்றது. முப்பிடாதியின் மனைவி பேச்சிக்கனி இறங்கினாள். ஆட்டோவின் பின்னாலிருந்து ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தாள். அவளுடைய மூத்த பெண் பத்தாம் வகுப்பில் என்னிடம் படித்தவள், அதனால் ஆளைத் தெரியும்.

"டீச்சர், இது ஒங்க டயரு. கடைய காலி பண்ணுதோம். ஒங்க பொருளு எங்ககிட்ட இருக்கக் கூடாதுன்னு அவுக சொன்னாக."

நான் வாங்கிக்கொண்டேன். ஜூன் பத்தாம் தேதி எங்கள் வண்டியிலிருந்து கழற்றிய டயர். பட்டன் பாதிக்கு மேல் இருக்கிறது. பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்த மாதிரி கிழிசல். அந்தக் கிழிசலைப் பார்க்கிற எவருக்கும் இந்த டயரை யாரும் ஆசைப்பட்டு எடுத்து வைத்துக்கொள்ள முடியாது என்பது புரியும்.

"போலீஸ்ல குடுக்கலியா?" என்று கேட்டேன். குரல் சாதாரணமாகத்தான் வந்தது.

"ஒங்களுக்குத்தான குடுக்கணும்" என்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு போய்விட்டாள்.

டயரை ஷெட்டில் சாய்த்து வைத்திருக்கிறேன். மண் போட்டு மல்லிச்செடி வைக்கலாம்.

ஆகஸ்ட் 22, செவ்வாய்

மழை. டயருக்குள் தண்ணீர் நின்றால் கொசு வரும். சாக்கு போட்டு மூடினேன்.

ஆகஸ்ட் 24, வியாழன்

முன் வலது 27. இதுவரை இவ்வளவு இறங்கியதில்லை. இரண்டு தடவை நிரப்பினேன்.

மூடியைக் கழற்றி மட்கார்டு மேல் கவிழ்த்து வைத்தால் தூசி போகாது என்று அவர் சொல்வார். எனக்கு அந்தப் பழக்கமில்லை, நான் சேலை முந்தியில் முடிந்து வைப்பேன். இன்று காற்று நிரப்பிவிட்டு முந்தியை அவிழ்த்தால் மூடி இல்லை. மட்கார்டு மேல் கவிழ்ந்து இருந்தது.

ஆகஸ்ட் 26, சனி

பழைய இரும்பு, பிளாஸ்டிக் எடுக்கிறவர் வந்தார். அந்தக் கிழிந்த டயரை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒன்றும் தர வேண்டாம், சும்மா கொண்டு போங்கள் என்றேன். சாக்கை விலக்கியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன டீச்சர், டயர்ல கணக்குப் போட்டு வச்சிருக்கீங்க?"

டயர் முழுக்கச் சாக்பீஸ். ஒரு அங்குலம் விடாமல் 2312, 2312, 2312. நூறு முறை எழுதச் சொல்லித் தண்டனை கொடுத்தால் பிள்ளைகள் எழுதுவார்களே, அந்த மாதிரி. வீட்டில் ஒரு துண்டு சாக்பீஸ் கிடையாது.

"டுயூசன் பிள்ளைங்க" என்றேன்.

"ஒங்க வீட்டுல ஏது டீச்சர் இப்பம் டுயூசன்?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு நாள் வருவதாகச் சொல்லி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நான் அவரை மறுபடி கூப்பிடவில்லை.

ஆகஸ்ட் 27, ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. இந்தக் காற்று எங்கே போகிறது என்று இன்றைக்கு ஒரு முடிவு பார்த்துவிடுவது என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். வெளிப்பக்கம் ஓட்டை இல்லையென்றால் உள்பக்கம்தான் இருக்க வேண்டும். உள்பக்கம் பார்க்கச் சக்கரத்தைக் கழற்றியாக வேண்டும்.

பின் சக்கரத்துக்குக் கல் வைத்தேன். ஹேண்ட் பிரேக் போட்டேன். வண்டியைத் தூக்குமுன் நட்டுகளை லூசாக்க வேண்டும், தூக்கியபின் செய்தால் சக்கரம் சுற்றும். நான்கு நட்டு. ஸ்பேனரில் இரும்புக் குழாயைச் சொருகி ஏறி நின்றேன். அறுபத்தொரு வயதில் இந்தச் சர்க்கஸ் எல்லாம் செய்ய வேண்டியிருக்கிறது. ஜாக்கியைக் கையேட்டில் காட்டிய இடத்தில் வைத்துச் சுற்றினேன். சக்கரம் தரையை விட்டது. இழுத்தேன், வந்தது. உருட்டித் திருப்பிச் சுவரில் சாய்த்தேன்.

உள்பக்கம் ஓட்டை இல்லை. எழுத்து இருந்தது.

சக்கரம் மாட்டியிருக்கும்போது அந்தப் பக்கத்தில் யாரும் எழுத முடியாது. நான் அடுத்த சக்கரத்தில் கையை விட்டுப் பார்த்தேன், விரல் நுனிதான் போகிறது. ஆனால் வட்டத்தைச் சுற்றி, சாய்வில்லாமல், எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு, மூன்று வரி.

ஓடாத டயர் தேயாது.
தேயாத டயர் புது டயர்.
ஆகவே இது புது டயர்.

என் கையெழுத்து. முப்பத்தைந்து வருடம் கரும்பலகையில் எழுதிய கையெழுத்து, எனக்குத் தெரியாதா? நான் தூக்கத்தில் நடக்கிறேன், செருப்புப் போட்டுக்கொண்டு நடக்கிறேன், எங்கோ சாக்பீஸ் ஒளித்து வைத்திருக்கிறேன் என்பதையெல்லாம் ஒப்புக்கொள்ளலாம். ஒரு வாரமாக மனதுக்குள் ஒப்புக்கொண்டுதான் இருந்தேன். எழுதத்தான் இல்லை.

மூன்றாவது வரிக்குக் குறுக்கே பெரிதாகப் பெருக்கல் குறி போட்டிருந்தது. தவறான விடைக்குப் போடுவது. அழுத்திப் போட்டதில் சாக்பீஸ் உடைந்து தூள் படிந்திருந்தது. நான் பிள்ளைகள் நோட்டில் ஒருநாளும் பெருக்கல் குறி போட்டதில்லை, அடிக்கோடுதான் போடுவேன்.

அது என் கை இல்லை.

ஆகஸ்ட் 28, திங்கள்

எழுதிவிடுகிறேன்.

ஜூன் பத்தாம் தேதி, சனி. காலையில் மார்க்கெட்டிலிருந்து திரும்பும்போது ஓட்டியது நான். மீடியன் கல்லில் உரசி முன் வலது டயர் பக்கவாட்டில் கிழிந்தது. மாலை நான்கு மணிக்கு முப்பிடாதி கடையில் நின்றோம். திங்களன்று நாகர்கோவிலில் என் அக்கா மகளுக்குக் கல்யாணம்.

"சைடுல கிழிஞ்சா ஒட்டு நிக்காது டீச்சர். இது போச்சு. இந்த அளவு டயரு மதுரைலேர்ந்து செவ்வாக்கெழம வந்துரும்" என்றான்.

"ஸ்டெப்னி இருக்குல்லா. அதப் போடு."

டிக்கியிலிருந்து ஸ்டெப்னியை எடுத்தான். வண்டி வாங்கியபோது வந்தது. ஒருமுறைகூடத் தரையில் படாதது. புது டயரில் சின்னச் சின்ன ரப்பர் முடி நீட்டிக்கொண்டிருக்குமே, அதுகூடப் போகவில்லை. முப்பிடாதி விரலை ஈரமாக்கி ஓரத்தில் துடைத்து எனக்குக் காட்டினான்.

"இங்கன பாருங்க. 2312. பதினோரு வருசம் ஆச்சு. சும்மா கெடந்தாலும் ரப்பரு செத்துப் போவும் டீச்சர். மெதுவா வீடு போயிச் சேரலாம். இந்த வெயில்ல நாரோயிலுக்குப் போவாதீங்க."

என் கணவரும் தலையை ஆட்டினார். "ஒரு டாக்ஸி பிடிச்சுக்கலாமே பியூலா" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. வண்டியை உரசியது நான் என்று காலையிலிருந்தே கூனிக்குறுகிக்கொண்டிருந்தேன். அதற்கு மேல், பஞ்சர் கடைக்காரன் எனக்குப் பாடம் சொல்கிறான். அங்கே காற்றுப் பிடிக்க நின்ற இரண்டு பேர் வேடிக்கை பார்க்கிறார்கள். நான் வகுப்பில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டு சொன்னேன்: "ஓடாத டயர் தேயாது. தேயாத டயர் புது டயர். ஆகவே இது புது டயர்." அந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். "டீச்சர் நிரூபிச்சாச்சு, மாட்டிரு முப்பிடாதி" என்றார். என்னைப் பெருமையாகப் பார்த்துத்தான் சொன்னார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முப்பிடாதி மாட்டினான். நட்டுகளை எதிரெதிராக முறுக்கினான். கிளம்பும்போதும், "எழுபதுக்கு மேல போவாதீங்க சார்" என்று கண்ணாடி வழியாகச் சொன்னான்.

திங்களன்று இவர் எழுபதில்தான் போனார். முகூர்த்தம் பன்னிரண்டுக்கு. பஸ்ஸெல்லாம் எங்களைத் தாண்டிப் போயிற்று. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று தடவை கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் வேகத்தைக் கூட்டினார்.

நான்தான் அவரைக் கொன்றேன் என்று எழுதிப் பார்த்தேன், கை எழுதுகிறது. முப்பிடாதி ஜெயிலுக்குப் போனால் நான் இரண்டாவது ஆளையும் கொன்றவளாவேன். எஸ்.ஐ. நாளை மறுநாள் வருகிறார். அதுவரை காத்திருந்தால் ரூபனும் வந்துவிடுவான், அவன் முகத்தைப் பார்த்தால் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். நாளைக் காலை நானே போகிறேன்.

ஆகஸ்ட் 29, செவ்வாய்

சக்கரத்தை மாட்டி, நட்டுகளை எதிரெதிராக முறுக்கி, கிழிந்த டயரைப் பின் சீட்டில் வைத்து, ஒன்பதரைக்கு ஸ்டேஷனில் இருந்தேன். எஸ்.ஐ. சின்னப் பெண். ரூபனைவிட வயது குறைவு.

"டீச்சர், நீங்க முந்திக் கையெழுத்துப் போட்டது வேற மாதிரில்லா இருக்கு" என்றார்.

"அது பொய்."

"வருத்தத்துல பேசுதீங்களா?"

"வருத்தத்துல பேசுனது அது. இப்பம் யோசிச்சு சொல்லுதேன்."

பொய் சாட்சிக்கு என் மேலேயே கேஸ் வரலாம், மகனையும் விசாரிக்க வேண்டியிருக்கும், வீட்டில் கலந்து பேசிவிட்டு வருகிறீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார். பேசினால் எழுத மாட்டேன் என்றேன். நான்கு பக்கம் நானே எழுதினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். கிழிந்த டயரைக் கான்ஸ்டபிள் இறக்கி வைத்தார். அதில் ஒரு எழுத்துகூட இல்லை, நான் துடைக்கவும் இல்லை.

வராந்தாவில் முப்பிடாதி நின்றிருந்தார். பத்து மணிக் கையெழுத்துக்கு வந்தவர். ஆள் பாதியாகிவிட்டார். நான் உள்ளே சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும், கதவு திறந்துதான் இருந்தது. என்னை மன்னிச்சிருங்க என்றேன். பிறகு கேட்டேன்.

"நீங்க ஏன் இத சொல்லல? அந்த டயர இங்க கொண்டுவந்து காட்டியிருந்தா போதுமே."

"சொன்னேன் டீச்சர். மொத நாளே சொன்னேன். டீச்சரா பொய் சொல்லுவாங்கன்னு கேட்டாங்க. ஒங்க கையெழுத்தக் காட்டுனாங்க." சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே பேசினார். "அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துட்டு. ராவும் பகலும் அதே நெனப்பு. நான் அன்னைக்கு சொன்னேனா, சொல்லலியா? ஒருவேள சொல்லாமத்தான் மாட்டிட்டனோ? டீச்சரே சொல்லும்போது, நம்மதான் சாரக் கொன்னுட்டோம் போலன்னு இருந்துட்டேன்."

 கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தேன்.

"டயர ஏன் எனக்கு அனுப்புனீங்க?"

"வீட்டுல வச்சிருக்க முடியல டீச்சர். மத்தியானம் ஆனா அதுல வெள்ள வெள்ளையா எழுத்து வருதுன்னு பேச்சி சொன்னா. நானும் பாத்தேன். தொடைச்சா போயிரும், மறுநாள் வரும். ஒங்க கையெழுத்து மாரியே இருக்குன்னு மகதான் சொன்னா. அவ ஒங்ககிட்ட படிச்சவல்லா."

எஸ்.ஐ. அவரை உள்ளே கூப்பிட்டார். நான் வீட்டுக்கு வந்தேன். அந்த டயர் என்னிடம் வந்தது இருபத்தோராம் தேதிதான்.

செப்டம்பர் 3, ஞாயிறு

ரூபன் போனில் பத்து நிமிடம் கத்தினான். பிறகு அழுதான். அதன் பிறகு போன் எடுப்பதில்லை.

செப்டம்பர் 16, சனி

முப்பிடாதியைக் கேஸிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்குச் சம்மன் வரும் என்றார் எஸ்.ஐ. வரட்டும்.

முப்பிடாதி பழைய இடத்துக்கு எதிரிலேயே, வேப்பமரத்தடியில், ஒரு கம்ப்ரஸரை வைத்துக் கடை போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். முன் வலது இன்னும் இறங்குகிறது. இன்று 28. என் பம்பிலேயே நிரப்பியிருக்கலாம், ஆனாலும் அவர் கடைக்குப் போனேன். போய் நின்றால் எல்லாம் பழைய மாதிரி ஆகிவிடும் என்று ஓர் அற்ப ஆசை.

எனக்கு முன்னால் நின்ற ஆட்டோவுக்கும் பைக்குக்கும் காற்றுப் பிடித்தார். அடுத்தது நான். காற்றுக் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டிக்கு நான்கடி தள்ளியே நின்றார்.

"முப்பத்து மூணு வச்சிருங்க" என்றேன்.

அவர் அசையவில்லை. வண்டியைப் பார்த்துப் பயமா என்று கேட்டேன். அவரும் அந்த எழுத்தைப் பார்த்திருக்கிறாரே, யாரிடமாவது அதைப் பேசிவிடலாம் என்று இருந்தது.

"வண்டியில என்ன டீச்சர் இருக்கு, ரப்பரும் காத்தும்தான" என்றார் முப்பிடாதி. "அந்த எழுத்தக் கண்டுகூட இப்பம் பயமில்ல. பாவம் சாரு, அவருக்குத் தெரிஞ்சத சொல்லியிருக்காரு." குழாயை என் பக்கம் நீட்டினார், கை முழு நீளத்துக்கும். "ஒங்களக் கண்டாத்தான் பயமா இருக்கு. நீங்க ஒண்ண சொன்னா, அதுதான் நடந்துச்சுன்னு நானே நம்பிருதேன். இனிமே இங்க வராதீங்க டீச்சர்."

நான் குழாயை வாங்கிக் குனிந்து, நானே காற்றுப் பிடித்துக்கொண்டு வந்தேன்.